கேட்ட நாளிலிருந்து

வெள்ளை நேர்ஸ் உடுப்போடும் வெள்ளைச் சப்பாத்தோடும் ஒரு பெண், ஹைவேக்குப் போகும் தெருவோரப் பள்ளத்துக்குள் இறங்கி நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணி. ரெக்ஸ்டேலில் அந்த நேரம் வெளியில் நடமாடுகிறவர்கள் என்னைப்போல பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்தான். பள்ளத்துக்குள் இறங்குகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. இந்த நாட்டில் பூ என்பது கடையில் பிளாஸ்ரிக் சுற்றிக் கிடக்கிற சாமான். பற்றைக்குள் தானாக முளைத்ததைப் பூ என்று ஒருவரும் மதிப்பதில்லை. இவரோ மஞ்சள் கொத்துகளையும், வெள்ளைக் குடை விரித்ததுபோல ஒன்றையும், பெயர் தெரியாத நீலப்பூவையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்து ஓரத்தில் நின்றது. கார் பழுதாகிவிட்டதா என்று பொலிஸ்காரர் கேட்டார். இல்லை, என் வீட்டுக்கு ஒரு ராஜா வருகிறார், வாசலில் பூ இல்லை, அதுதான் பறிக்கிறேன் என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். பொலிஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று பக்குவமாகக் கேட்டார். அவர் ஆஸ்பத்திரியின் பெயரையும் வார்ட்டையும் பெருமையோடு சொன்னார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று அந்த மனிதர் கேட்கவில்லை, எங்கேயிருந்து தப்பி வந்தார் என்றுதான் கேட்டார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. நான் ஓடிப்போய், இவர் என்னுடைய அன்ரி, நான் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். பஸ் போய்விட்டது.

அந்தத் தலையணை உறைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில், லிஃப்ற்றுக்கு முன்னால், மண்ணிறத் தரையோடு ஒரு பெரிய இடம் சும்மா கிடக்கிறது. நாங்கள் இருபது மாடியிலும் இருக்கிறவர்கள் அதைக் குனிந்த தலையோடு தாண்டிப் போவோம். அந்த இடம் முழுக்கப் பூவால் போட்டால் எப்படியிருக்கும்? அவர் அதே கட்டடத்தில் எங்களுக்கு மூன்று மாடி மேலே இருப்பவர் என்று தெரிந்ததும் என் திட்டத்தைச் சொன்னேன். ஓணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, முதலில் என் வீட்டு வாசலில் தொடங்கு என்றார். பெயர் சரோஜினி. பாலக்காட்டுக்குப் பக்கத்து ஊர். கோயம்புத்தூரில் நேர்ஸிங் படித்ததால் தமிழ் வரும். நான் திரும்பவும் அன்ரி என்றதற்கு, அன்ரி எல்லாம் வெள்ளைக்காரிக்கு, சேச்சி போதும், நான் உனக்கு அக்காதான் என்றார்.

இதைக் கேட்டதும் குகன் அண்ணை சிரித்தார். அவரும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நிற்கிறோம். அவருக்கு என்னுடைய சரித்திரம் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்த ஒன்றரை வருடத்துக்குள் நான் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கி இரண்டு இதழோடு விட்டிருக்கிறேன். பிரெஞ்சு படிக்கத் தொடங்கி எண்கள் வரைக்கும் வந்திருக்கிறேன். “நீ தொடங்கிறதில விண்ணன்டா தம்பி. ராசா வந்து நிக்கேக்கை நீ வேற எங்கையோ நிப்பாய்” என்றார். அவர் சொன்னதில் ஒரு குத்தல் இருந்தது. ஊரில் இருந்து வந்த ஒரு கடிதத்துக்கு நான் ஒரு கிழமையாகப் பதில் எழுதாமல் இருப்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் பூவைப் பற்றிச் சொல்ல முடியாது. எனக்கு ஒரே ஒரு அண்ணா. எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து, அவனோடு சேர்த்துப் பதினொரு பேரை இறக்கிக்கொண்டு போனார்கள். தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். பிறகு ஒருவரும் சொல்லவில்லை. இந்த எண்பத்தேழாம் ஆண்டு ஆடி முடிய, இந்தியாவோடு ஒப்பந்தம் என்று வந்து, முகாம்களில் இருந்தவர்களைத் தொகுதி தொகுதியாக விட்டார்கள். ஒவ்வொரு முறையும் பஸ் வருகிற இடத்தில் அப்பா போய் நின்றாராம். கடைசிப் பஸ்ஸும் வந்துவிட்டது, இனி ஆளில்லை என்று சொன்ன பிறகு சித்தப்பா எனக்கு எழுதினார்: “விட்டவை எல்லாம் வந்து சேர்ந்திட்டினம். இவன் வரேல்லை. இனி அந்தியேட்டியைச் செய்து அவன்ரை ஆத்துமாவைக் கரையேத்தவேணும். அம்மா ஒருத்தற்றை சொல்லும் கேக்கிறா இல்லை. நீ எழுதினால் கேப்பா. தமையனுக்குச் செய்யவேண்டியவன் நீ. நீ ஒரு வசனம் எழுது, கீரிமலையிலை அப்பா செய்வார்.”

ஒரு வசனம். அதை எழுத எனக்கு ஒரு நிமிடம் காணும். எழுதினால் அண்ணா செத்தவனாகிவிடுவான், எழுதாமல் விட்டால் அப்பா தொடர்ந்தும் போய் அந்தப் பஸ் நிலையத்தில் நிற்பார். நான் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பூப் பறிக்கப் போனேன்.

முதல் நாளை அத்தம் என்பார்கள். சேச்சியின் வீட்டுக் கதவுக்கு வெளியே, கொரிடோரில், தரையைத் துடைத்துவிட்டு அவர் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து மஞ்சள் பூவில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஒண்ணு கேக்கணும், தப்பா எடுக்காதே மோனே. உன் வீட்டில் இந்த வருஷம் யாராவது மரிச்சிருக்கா?”

மரணம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு ஓணமில்லை. அந்த வீட்டு மனிதர் தரையில் பூவால் போடும் பூக்களத்தில் கை வைக்கக்கூடாது. அதை அவர்கள் புல என்கிறார்கள், நாங்கள் துடக்கு என்கிறோம். எங்களுக்கும் இது புதிதில்லை. ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் பொங்கற்பானை ஏற்றமாட்டோம். ஆகையால் கேள்வி எனக்கு உடனே விளங்கியது. “இல்லை சேச்சி” என்றேன். யோசிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான், ஒரு கிழமையாக எழுத முடியாமல் இருந்த பதிலை ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் கையை விட்டார். நான் பூவை வைத்தேன்.

முதல் நாள் ஒரு வட்டம், சின்னது. நாளுக்கு நாள் ஒரு வட்டம் கூடும், ஒரு நிறம் கூடும். பத்தாம் நாள் திருவோணத்தில் அது முழுமையாகும். முதல் நாள் போட்டது மத்தியானம் வரைகூட இருக்கவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பர் கூட்டி எடுத்துவிட்டார். அவர் உக்ரேன்காரர், கட்டடத்தின் திறப்பெல்லாம் இடுப்பில் தொங்க நடப்பவர். நான் சண்டைக்குப் போகிற வேகத்தில் கீழே இறங்கினேன். அவர் நான் வருவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில், வீட்டில் யார் செத்தது என்று கேட்டார். அவருடைய ஊரில் வாசலிலே பூ உதிர்த்துப் போட்டால் பெட்டி வெளியேறிவிட்டது என்று அர்த்தமாம். பெட்டி போனபிறகு கூட்டுவதுதானே மரியாதை, அதனால் கூட்டினாராம். ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் சாகவில்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன். நான் கொஞ்சம் உரத்துச் சொல்லியிருக்கவேண்டும். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சரி, நல்லது என்று என் தோளைத் தட்டினார். பத்தாம் நாளுக்குக் கீழ்த் தள லொபியைத் தரவும் சம்மதித்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வருகிற ராஜா மாவலி. ஊரில் புராணப் படிப்பில் நான் கேட்ட மாவலி அகந்தை பிடித்த அசுரன். வாமனன் மூன்றடி மண் கேட்டு, மூன்றாவது அடியை அவன் தலையில் வைத்து அமுக்கினதும் கோயிலில் இருந்த நாங்கள் சந்தோசப்பட்டோம். சேச்சியின் கதையிலோ அவன்தான் நல்லவன். அவன் ஆண்டபோது பொய்யில்லை, பசியில்லை. மண்ணுக்குள் போகிற நேரத்தில் அவன் கேட்டது ஒன்றுதான்: வருடத்தில் ஒரு நாள் என்னுடைய சனத்தை வந்து பார்க்க விடு. அந்த ஒரு நாள்தான் திருவோணம். என்ன கஷ்டம் இருந்தாலும் அன்றைக்குக் காட்டக்கூடாது, புது உடுப்பு உடுக்கவேண்டும், இலை நிறையப் பரிமாறவேண்டும், இல்லாவிட்டால் அவன் மனம் நொந்து திரும்பிப் போவான் என்று சேச்சி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, நாங்கள் உங்களுக்கு அனுப்புகிற படங்களில் நாங்கள் சாய்ந்து நிற்கிற கார் எங்களுடையது இல்லை. யாரோ ஒருவருடைய கார், அவர் கடைக்குள் போனபோது எடுத்த படம். நீங்களும் ‘நாங்கள் நல்ல சுகம்’ என்று எழுதுகிற கடிதங்களில் கூரையில் விழுந்த ஷெல்லைப் பற்றி எழுதுவதில்லை. இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் ஓணம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேலைக்கு முன்னால் ஆற்றங்கரையிலும் ரெயில் பாதையோரத்திலும் பறிப்பேன். நாலாம் நாள் ஊதாப்பூ கிடைத்தது. ஐந்தாம் நாள் ஹம்பர் ஆற்றங்கரையில் களிமண் தோண்டி வந்தேன். சேச்சி அதை நாலு பக்கமும் சரிவான கூம்பாகப் பிடித்து, அதுதான் களத்தின் நடுவில் வைத்துக் கும்பிடுகிற ஓணத்தப்பன் என்றார். அவருடைய கணவர் மாதவன் சேட்டன், அதிகம் பேசாத மனிதர், தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, கனடா மண் ஆனபடியால் அப்பனுக்குக் கொஞ்சம் குளிரும் என்றார். நான் சந்தோசமாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சாலையில் நிற்கும்போதுகூட நாளைக்கு எந்த நிறம் என்று யோசித்தேன். கோட்டுக்குள் கடிதம் இருக்கிறது என்பது சில நேரங்களில் மறந்தே போனது.

ஏழாம் நாள் சேச்சி குகன் அண்ணையையும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். அண்ணை என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். இவன் பாவம், வீட்டில் இவ்வளவு பெரிய கவலையை வைத்துக்கொண்டு விடிய எழும்பிப் பூப் பறிக்கிறான், தமையனுக்கு அந்தியேட்டி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தும் தாங்கிக்கொண்டு நிற்கிறான் என்றார். சேச்சியின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. குகன் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். தான் செய்த வேலை அவருக்கு விளங்கிவிட்டது. தேநீரைக் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை.

நான் பொய் சொன்னேன் சேச்சி, என்னை மன்னியுங்கோ, ஏழு நாளும் தொட்டது குற்றமென்றால் எல்லாவற்றையும் அள்ளிவிடுகிறேன் என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே எழும்பினேன். அவர் உட்காரச் சொன்னார். பிறகு தன்னுடைய அச்சனை, அதாவது தகப்பனைப் பற்றிச் சொன்னார். சேச்சி இங்கே வந்த இரண்டாம் வருடம். தனியாள், ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு அறை. அத்தம் முதல் பத்து நாளும் அறை வாசலில் பூப் போட்டார். அடை அவித்துப் படைத்தார். திருவோணத்தன்று புதுப் புடவை உடுத்து, விடுதியில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்களோடு பாட்டுப் பாடி ஆடினார். அடுத்த நாள் கடிதம் வந்தது. அச்சன் மரித்து இருபது நாள்.

“நான் ஆடிட்டிருந்தேன் மோனே. அங்க எல்லாரும் வெள்ளை உடுத்திட்டு இருக்காங்க, நான் இங்க ஆடிட்டிருந்தேன். என்ன பாவம் செஞ்சேன்னு அம்மாவனுக்கு எழுதினேன்.” அம்மாவன் என்றால் தாய்மாமன். அவர் பழைய வழக்கம் தெரிந்தவர். அவருடைய பதில் இரண்டு வரிதானாம். சேச்சி அதை மனப்பாடமாக வைத்திருந்தார்: “நீ கேட்ட நாளிலிருந்துதான் உனக்குப் புல. அதுக்கு முன்னால நீ போட்டதெல்லாம் பூதான்.”

தூரதேசத்தில் இருப்பவனுக்குச் சாவு நடந்த நாள் கணக்கில்லை, செய்தி காதில் விழுந்த நாள்தான் கணக்கு. எங்கள் ஆட்களிலும் இப்படி இருக்கிறதென்று குகன் அண்ணை பிறகு சொன்னார். கடல் கடந்து போனவர்களுக்காகவே ஆரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். நான் சேச்சியிடம் கேட்டேன்: “அப்ப, ஒருத்தரும் வந்து சொல்லாட்டில் என்ன சேச்சி? இவனைச் செத்ததெண்டு கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை. சித்தப்பா கணக்குப் பாத்துத்தான் சொல்லுறார். வந்தவை, வராதவை. இப்ப நான் அம்மாவுக்கு எழுதினா, அவ கேக்கிறது என்ரை வாயாலைதான்.”

அவர் தன்னுடைய வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வார்ட்டில் ஒருவர் போய்விட்டால் முதலில் தெரிவது நேர்ஸுக்குத்தான். கையைத் தொட்டாலே தெரியும். ஆனால் நேர்ஸ் அதைச் சொல்லக்கூடாது. டொக்டர் வந்து, பார்த்து, நேரத்தை எழுதவேண்டும். அதுவரை கதவுக்கு வெளியே நிற்கிற மனைவியும் பிள்ளையும் நேர்ஸின் முகத்தையே பார்ப்பார்கள். “நான் தலையணையைச் சரி பண்ணுவேன். போர்வையை இழுத்து விடுவேன். எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்லமாட்டேன். பதினஞ்சு வருஷமா அதான் செய்யிறேன்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீயும் டொக்டர் இல்லை மோனே. பார்த்தவன் சொல்லட்டும்.”

எட்டாம் நாளிலிருந்து நான் பூவைத் தரையில் வைக்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என் கைதான் போகவில்லை. புல இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இல்லை என்று திரும்பவும் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்போது சேச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். பூவைக் கிள்ளிக் கொடுப்பது களம் போடுவதாகாது என்றார். இது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று மாதவன் சேட்டன் கேட்டார். நேர்ஸிங் சாத்திரத்தில் என்றார் சேச்சி.

திருவோணத்தன்று விடிய நாலு மணிக்கே லொபிக்கு இறங்கினோம். நான் சுவரோரம் இருந்து இதழ் கிள்ளினேன். அவர்கள் இருவரும் வட்டம் வட்டமாக நிரப்பினார்கள். மஞ்சள், வெள்ளை, ஊதா, நீலம். நடுவில் ஆற்றங்கரைக் களிமண் அப்பன், மேலே அரிசிமா கரைத்து ஊற்றி, தலையில் ஒரு பூ. ராஜாவை வரவேற்க ‘ஆர்ப்போ’ என்று ஒருவர் கூவ, ‘இர்ரோ’ என்று மற்றவர்கள் திருப்பிக் கூவவேண்டும். ஊர் முழுக்கக் கேட்கவேண்டியது. இருபது மாடியும் நித்திரை. ஆகவே மாதவன் சேட்டன் கதவுப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்து, காதுக்குள் சொல்வதுபோல ‘ஆர்ப்போ’ என்றார். சேச்சியும் அதே இரகசியக் குரலில் பதில் சொன்னார். மூன்று முறை. அந்தக் குசுகுசுப்பில் சேச்சி அழுதார். வெளியே தெருவிளக்கு அணைந்தது. பிறகு லிஃப்ற்றில் இறங்கி வந்த ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று, சுவரோடு ஒட்டி நடந்து, பூவை மிதிக்காமல் வேலைக்குப் போனார்கள். ஜமெய்க்காக்காரப் பாட்டியம்மா ஒருவர் தன் தொப்பியில் குத்தியிருந்த துணிப்பூவைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் நானே கூட்டி எடுத்தேன். சுப்பர் பக்கத்தில் வந்து குப்பைவாரியைப் பிடித்தார்.

குகன் அண்ணை ஒரு கிழமையாக என்னோடு சரியாகப் பேசவில்லை. வெட்கம். போன செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மொன்றியல் வழியாக ஒரு பெடியன் வந்து பார்க்டேலில், உடுப்புத் தோய்க்கிற ஒரு லோன்றிக்கு மேல் அறையில் இருக்கிறானாம். எண்பத்தைந்திலிருந்து அண்ணா இருந்ததாகச் சொன்ன அதே முகாமில் இருந்தவன். ஒப்பந்தத்தோடு விட்டவுடனே வெளிக்கிட்டு வந்தவன். “நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன். நீ அறையிலை இரு” என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் கேட்டுவந்தால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கவேண்டிவரும். சேச்சி சொன்ன அந்தக் கதவுக்கு வெளியே நிற்க எனக்கு விருப்பமில்லை.

சித்தப்பாவுக்கு நேற்றுப் பதில் போட்டேன். அவர் கேட்ட வசனம் அதில் இல்லை. பொறுங்கோ, அண்ணாவை அங்கே கண்ட ஆள் ஒருவரைத் தேடுகிறேன், முகாமிலிருந்து அங்கே வந்து சேர்ந்தவர்களை நீங்களும் ஒவ்வொருவராகப் போய்க் கேளுங்கோ என்று எழுதினேன். அம்மாவுக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை போகிறேன். அண்ணாவின் படம் ஒன்று இருக்கிறது, தேசிய அடையாள அட்டைக்கு எடுத்தது, சேட்டின் மேல் பொத்தான் பூட்டியபடி. அதைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்கப்போகிறேன். தெரியாது என்றால் அடுத்த ஆளைத் தேடவேண்டும்; மொன்றியலில் இன்னும் சில பேர் வந்திருக்கிறார்களாம். தெரியும் என்றால், அதற்குப் பிறகு என்ன கேட்பதென்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், வசனம் வரவில்லை. அவன் சொல்லிவிட்டால், அந்த லோன்றிக்கு மேலே, அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்குத் துடக்குத் தொடங்கும். நான் மரக்கறி மட்டும் சாப்பிடுவேன், சேச்சி வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவோ, அந்தச் செய்தி கடிதமாகப் போய்ச் சேரும்வரை, நாங்கள் சேர்ந்து வாழ்ந்த அந்த வீட்டில், துடக்கில்லாத கையால் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பா.